பகுதிநேர மாணவருக்குப் பகுதி வாடகை உண்டா?

வசதியற்ற குடும்பத்துப் பிள்ளை உயர்கல்வி பெறுவதற்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்பதில் இன்று அநேகமான நாடுகளில் அடிப்படைக் கருத்து வேறுபாடு கிடையாது. எவ்வளவு கொடுப்பது, மானியமாகக் கொடுப்பதா கடனாகக் கொடுப்பதா, எந்த வருமானத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுப்பது என்பவற்றில்தான் சர்ச்சை. இந்தச் சர்ச்சையின் நடுவே ஒரு விடயம் எப்போதும் பின்தள்ளப்பட்டு விடுகிறது. உதவி கேட்டு வரும் மாணவரிடம் அரசு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. உமது குடும்பத்தின் வருமானம் என்ன என்பது முதலாவது. இந்தப் பருவத்தில் எத்தனை பாடங்களுக்குப் பதிவு செய்திருக்கிறீர் என்பது இரண்டாவது. முதற் கேள்வியைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்வியை ஏதோ அலுவலக நடைமுறை என்று கருதி எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால், ஒரு பிள்ளை கல்லூரியிலிருந்து பட்டத்துடன் வெளியேறுகிறதா, கடனுடன் மட்டும் வெளியேறுகிறதா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

நான் இங்கு எழுத வருவது அமெரிக்காவின் நிலைமை பற்றி. இலங்கையில் இருந்துகொண்டு அமெரிக்கக் கல்லூரி விதிகளைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் வாசகர்கள் இருக்கலாம். எமது மக்களின் பிள்ளைகள் இன்று நியூ யோர்க்கிலும் நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அவர்களின் பெற்றோரில் பலர் இலவசக் கல்வி கிடைத்த நாட்டில் படித்தவர்கள். நான் கலைப்பட்டப் படிப்பை மேற்கொண்ட காலத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் ஒருவர் மாணவர், அவ்வளவுதான். அவர் எத்தனை கால்பங்கு மாணவர், எத்தனை முக்கால்பங்கு மாணவர் என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. அந்த அனுபவத்துடன் கடல் கடந்த பெற்றோருக்கு, பிள்ளை ஒரு பாடத்தைக் கைவிட்டால் அரசு தரும் பணத்தின் ஒரு பகுதியும் போய்விடும் என்பது விளங்குவதற்கே காலம் எடுக்கிறது.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு பெறுமதி உண்டு. பொதுவாக ஒரு பாடம் 3 கிரெடிட். இளநிலைப் பட்ட மாணவர் ஒருவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பதிவு செய்தால், கூட்டாட்சி அரசின் நிதியுதவிக் கணக்கில் அவர் முழுநேர மாணவர். 6 கிரெடிட் என்றால் அரைநேர மாணவர். வறிய மாணவருக்கு வழங்கப்படும் பிரதான மானியம் பெல் மானியம். 1972இல் வேறு பெயரில் ஆரம்பிக்கப்பட்டு, 1980இல் றோட் ஐலண்ட் மாநிலத்தின் செனற்றர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரைப் பெற்றது இது. 2025-26 கல்வியாண்டில் இதன் உச்சத் தொகை 7,395 டொலர். இந்த உச்சத் தொகைக்குத் தகுதி பெற்ற மாணவர் 12 கிரெடிட் எடுத்தால் முழுத் தொகையும் கிடைக்கும். 9 கிரெடிட் எடுத்தால் 75 வீதம். 6 கிரெடிட் எடுத்தால் 50 வீதம். 3 கிரெடிட் எடுத்தால் 25 வீதம்.

2024-25 கல்வியாண்டுக்கு முன்னர் இது நான்கு படிகளாக மட்டுமே இருந்தது. 11 கிரெடிட் எடுத்தவரும் 9 கிரெடிட் எடுத்தவரும் ஒரே முக்கால் பங்கைத்தான் பெற்றார்கள். 2020 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, இப்போது ஒவ்வொரு கிரெடிட்டும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. 11 எடுத்தால் 92 வீதம், 10 எடுத்தால் 83 வீதம். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அளவுகோலை நுணுக்கமாக்கினார்களே தவிர, அது எதை அளக்கிறது என்று கேட்கவில்லை.

அரசின் நேரடிக் கடனுக்கு வேறு விதி. அதைப் பெறுவதற்குக் குறைந்தது அரைநேர மாணவராக இருக்க வேண்டும். 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் புதிய கடன் கிடையாது. அத்துடன், ஏற்கனவே பெற்ற கடனுக்குரிய 6 மாதச் சலுகைக் காலமும் அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அந்தக் காலம் முடிந்ததும், பிள்ளை இன்னமும் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் சரி, கடனைத் திருப்பிச் செலுத்தும்படி கடிதம் வரும்.

இந்த விதிகளில் தர்க்கம் இல்லை என்று கூற முடியாது. பாதிப் பாடங்களைப் படிப்பவருக்குப் பாதிக் கட்டணம், ஆகவே பாதி உதவி என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். கற்பித்தற் கட்டணம் மட்டுமே செலவு என்றால் அது முற்றிலும் நியாயம். ஆனால் ஒரு மாணவரின் செலவில் வாடகை இருக்கிறது. உணவு இருக்கிறது. பஸ் கட்டணம் இருக்கிறது. கல்லூரிகள் வெளியிடும் வருடாந்தச் செலவு மதிப்பீட்டில், தங்குமிடமும் உணவும் போக்குவரத்தும் சேர்க்கப்பட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே கூறுகிறது. 9 கிரெடிட் எடுத்த மாணவரிடம் வீட்டுக்காரர் முக்கால் வாடகை வாங்குவதில்லை. 6 கிரெடிட் எடுத்த மாணவர் ஒருநேரம் விட்டு ஒருநேரம் சாப்பிடுவதில்லை. கட்டணத்துக்குப் பொருந்தும் ஒரு கணக்கை வாழ்க்கைச் செலவுக்கும் சேர்த்துப் பொருத்தியதில்தான் தவறு இருக்கிறது.

நடைமுறையில் இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். எனது ஒன்றுவிட்ட தங்கையின் மகள் அங்குள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரியின் பெயர் இங்கு அவசியமில்லை. நான்கு பாடங்கள், 12 கிரெடிட், முழுப் பெல் மானியம். மாலை வேளைகளில் கடையொன்றில் வேலை. செமஸ்டர் தொடங்கி மூன்றாவது வாரத்தில் தாயாருக்குச் சத்திரசிகிச்சை. வீட்டையும் வேலையையும் நான்கு பாடங்களையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாது என்று ஒரு பாடத்தைக் கைவிட்டாள். பொறுப்புள்ள எந்தப் பிள்ளையும் எடுக்கக்கூடிய முடிவுதான்.

அடுத்த வாரம் கல்லூரிக் கணக்கில் புதிய நிலுவை ஒன்று தோன்றியது. மானியம் 75 வீதமாகக் குறைந்தது. ஒரு செமஸ்டருக்குரிய சுமார் 3,697 டொலரில் 924 டொலர் போயிற்று. கல்லூரி தனது சொந்த நிதியிலிருந்து வழங்கிய 500 டொலர் புலமைப்பரிசில் முழுநேர மாணவருக்கு மட்டுமே உரியது என்பதால் அது முழுவதும் போயிற்று. கைவிட்ட பாடத்துக்குரிய கட்டணம் 600 டொலர். அதில் பாதியைத்தான் கல்லூரி மீளளித்தது, ஏனெனில் முழுத்தொகையை மீளப் பெறும் காலம் கடந்துவிட்டது. கூட்டிக் கழித்தால் 1,124 டொலரை அவள் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். கட்டணம் போக மிஞ்சிய மானியப் பணம் செமஸ்டரின் தொடக்கத்தில் அவளுடைய கைக்கு வந்து, புத்தகமாகவும் பஸ் சீட்டாகவும் செலவாகி முடிந்திருந்தது. நிலுவையைத் தீர்க்கும் வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய இயலாது.

"மாமா, ஒரு பாடத்தைத்தானே விட்டனான், அதுக்கு இவ்வளவு காசா?" என்று தொலைபேசியில் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எதுவும் கிடையாது. விதி அப்படி என்பதுதான் பதில்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் பெல் மானியத்தை மீளக் கணக்கிடுவதற்கு ஒரு திகதியைத் தீர்மானிக்கலாம். அந்தத் திகதிக்குப் பின்னர் ஒரு பாடத்தைக் கைவிட்டால், மாணவர் அந்த வகுப்புக்குச் செல்லத் தொடங்கியிருந்தாரானால் மானியம் குறைக்கப்படாது. இந்தப் பிள்ளை பாடத்தைக் கைவிட்டது அத்திகதிக்கு இரண்டு நாள் முன்பாக. மேலும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் 924 டொலரும் தப்பியிருக்கும். அதே வறுமை, அதே நோய், அதே பாடம். நாட்காட்டியில் இரண்டு கட்டங்கள் மட்டுமே வித்தியாசம். பாடத்தைக் கைவிடுவதற்கான பொத்தானை அழுத்தியபோது இது குறித்துக் கணினித் திரை அவளிடம் ஒரு வார்த்தை கூடக் கூறவில்லை.

சரி, திகதிக்குப் பின்னர் கைவிட்டால் ஆபத்து இல்லையா? உண்டு. அது வேறு கதவால் வரும். நிதியுதவி பெறும் மாணவர் திருப்திகரமான முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டின் 150 வீதத்துக்குள் அதனை முடிக்க வேண்டும். அதனால், முயன்ற கிரெடிட்டில் ஏறத்தாழ 67 வீதத்தையாவது சித்தியெய்திக்கொண்டு வர வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் வரையறுத்திருக்கின்றன. திகதிக்குப் பின்னர் கைவிடப்பட்ட பாடம் முயன்ற பாடமாகவே எண்ணப்படும். ஒரு தடவை என்றால் சமாளிக்கலாம். இரண்டு செமஸ்டர்களில் இரண்டிரண்டு பாடங்கள் என்றால் உதவியே நின்றுவிடும். முன்னதாகக் கைவிட்டால் பணம் குறைகிறது, பின்னதாகக் கைவிட்டால் தகுதி குறைகிறது.

எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால் கணக்கு இன்னும் கடுமையானது. செமஸ்டரின் 60 வீதக் காலம் கடப்பதற்கு முன்னர் விலகும் மாணவர், இருந்த நாட்களுக்குரிய உதவியை மட்டுமே சம்பாதித்தவராகக் கருதப்படுவார். 15 வாரச் செமஸ்டர் என்றால் ஏறத்தாழ ஒன்பதாவது வாரம் வரை இந்த அபாயம் உண்டு. 30 வீதக் காலத்தில் விலகினால் 30 வீத உதவிதான் அவருடையது. மீதியில் கல்லூரி திருப்ப வேண்டிய பங்கைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிவிட்டு, அந்தப் பணத்தை மாணவரிடம் கேட்கும். விபத்தில் அடிபட்டவருக்கும் இதே சூத்திரம்தான், விருப்பமில்லாமல் போனவருக்கும் இதே சூத்திரம்தான்.

எண்கள் விடயத்தில் மற்றொரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. நான்கு ஆண்டுகளில், அதாவது எட்டுச் செமஸ்டர்களில், முடிக்க வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் 15 கிரெடிட் எடுக்க வேண்டும். 12 எடுத்தால் எட்டுச் செமஸ்டர்களின் முடிவில் 96தான் கையில் இருக்கும். அரசு முழுநேரம் என்று முத்திரை குத்தும் மாணவர் முழுநேரமாகப் படித்தும் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற முடியாது. பெல் மானியத்துக்கோ 2012 முதல் வாழ்நாள் எல்லை ஒன்று உண்டு, 12 முழுநேரச் செமஸ்டர்களுக்கு நிகரான அளவு. 12 கிரெடிட் போதும் என்று நம்பி, நடுவில் துறையை மாற்றி, சில பாடங்களை மீண்டும் படித்த பிள்ளை பட்டத்துக்குச் சற்று முன்னதாக இந்த எல்லையை முட்டுவது அபூர்வமன்று.

போதாக்குறைக்கு, தான் பயிலும் பட்டத்துக்கு உரிய பாடங்கள் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். 12 கிரெடிட் எடுத்த ஒருவர், அவற்றுள் ஒரு பாடம் தனது பட்டத்துக்குத் தேவையற்றது என்றால், கல்லூரிப் பதிவேட்டில் முழுநேர மாணவராகவும் நிதியுதவி அலுவலகத்தில் முக்கால்நேர மாணவராகவும் இருப்பார். சங்கீதத்தில் ஆர்வமுள்ள கணக்கியல் மாணவி ஒரு சங்கீதப் பாடத்தை எடுப்பதற்கு முன்னர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டங்களின் தாய்ச் சட்டம் 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அதில் 1965 நவம்பர் 8ஆம் திகதி கையொப்பமிட்டார். வெள்ளை மாளிகையில் அல்ல. டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்க்கஸ் நகரில், தாம் படித்த அதே கல்லூரியில். வறுமை காரணமாக எவரும் கல்லூரிக்கு வெளியே நிற்கக்கூடாது என்பது அன்றைய அவரது நிலைப்பாடு. அதனை அவர் அனுபவித்து அறிந்தவர். மாணவராக இருந்தபோது கல்லூரியிலேயே சிறு வேலைகள் செய்தவர். பணம் போதாமல் 1928-29இல் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு, கொட்டுலா என்ற சிற்றூரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து, காசு சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து 1930இல் பட்டம் பெற்றவர். படிப்பை இடையில் நிறுத்திய அந்த மாணவர் இன்றைய விதிகளின் கீழ் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? கடன் வாங்கியிருந்தாரானால், அந்த ஓராண்டின் நடுவிலேயே திருப்பிச் செலுத்தும் கடிதம் அவரைத் தேடிப் போயிருக்கும். சட்டத்தை உருவாக்கியவரின் வாழ்க்கையே சட்டத்தின் கணக்குக்குள் அடங்காததாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாக முன்வைப்பது அவசியம். வரி செலுத்துவோரின் பணம் இது. பாதி நேரம் படிப்பவருக்கு முழு உதவி கொடுத்தால் படிப்பை இழுத்தடிக்க அதுவே ஊக்குவிப்பாகிவிடும் என்கிறார்கள். முழுநேரமாகப் படிப்பவர்களே அதிக விகிதத்தில் பட்டம் பெறுகிறார்கள் என்பதும் உண்மை. நியூ யோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தனது சமுதாயக் கல்லூரிகளில் ஆரம்பித்த ஒரு திட்டத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அதில் சேரும் மாணவர் கட்டாயமாக முழுநேரம் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் அதனை மதிப்பிட்டபோது, திட்டத்தில் இருந்தவர்களுள் 40 வீதமானோர் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றிருந்தார்கள். திட்டத்தில் சேர்க்கப்படாத அதே தகுதியுடைய மாணவருள் 22 வீதமானோர் மட்டுமே பட்டம் பெற்றிருந்தார்கள்.

நான் இந்த ஆதாரத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதனை முழுமையாகப் படிக்க வேண்டும். அந்தத் திட்டம் முழுநேரம் படி என்று கட்டளையிட்டதுடன் நின்றுவிடவில்லை. மானியம் போக எஞ்சிய கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. புத்தகச் செலவைக் கொடுத்தது. நகரப் போக்குவரத்துக்கான பயண அட்டையைக் கொடுத்தது. அடிக்கடி சந்தித்துப் பேசுவதற்கு ஓர் ஆலோசகரைக் கொடுத்தது. முழுநேரம் படிப்பதற்குத் தடையாக இருந்தவற்றை அகற்றிவிட்டுத்தான் முழுநேரம் படிக்கச் சொன்னது. தடைகளை அப்படியே விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் வெட்டுவதற்கு இதனை ஆதாரமாகக் காட்ட முடியாது.

வாஷிங்டனில் அரசியல் போகும் திசை இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2025 மே மாதத்தில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய சட்டமூலத்தில், முழுப் பெல் மானியம் பெறுவதற்கு ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 15 கிரெடிட் வேண்டும் என்று இருந்தது. அரைநேரத்துக்குக் குறைவாகப் படிப்பவர்களுக்கு மானியமே இல்லை என்றும் இருந்தது. செனற் சபை இவற்றை ஏற்கவில்லை. ஜூலை 4ஆம் திகதி சட்டமானபோது இந்த இரண்டும் அதில் இடம்பெறவில்லை. ஆனால் கடன் விடயத்தில் ஒரு மாற்றம் நுழைந்துவிட்டது. முன்னர் அரைநேர மாணவர் கூட ஆண்டுக்குரிய கடன் எல்லை முழுவதையும் பெற வாய்ப்பிருந்தது. புதிய சட்டம் 2026 ஜூலை 1 முதல், முழுநேரத்துக்குக் குறைவாகப் படிப்பவரின் கடன் எல்லையையும் அதே விகிதத்தில் குறைக்கிறது. பெற்றோரில் தங்கியிருக்கும் முதலாம் ஆண்டு மாணவரின் எல்லை 5,500 டொலர். அவர் ஆண்டு முழுவதும் பாதி நேரம் படித்தால் அது 2,750 ஆகிவிடும். மாணவர்கள் தேவைக்கு மேல் கடன்படுவதைத் தடுக்கும் நோக்கம் என்று கூறப்படுகிறது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். மானியமும் குறைந்து, கடனும் குறைந்தால், குறைந்த இடத்தை நிரப்புவது கூடுதல் வேலை நேரம்தான். கூடுதல் வேலை நேரம் இன்னுமொரு பாடத்தை விழுங்கும். அப்போது மானியம் மீண்டும் குறையும்.

இங்கிருந்து மாணவர் விசாவில் செல்லும் பிள்ளைகளின் நிலைமை வேறு. அதனைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலர் இதனை மயக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் மானியமும் கிடையாது, அரச கடனும் கிடையாது. அவை குடியுரிமையும் நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றவர்கள் போன்ற குறிப்பிட்ட வகையினருக்கே உரியவை. விசா மாணவருக்குக் கிடைக்கக்கூடியது பல்கலைக்கழகங்களும் தனியார் அமைப்புகளும் வழங்கும் உதவி மட்டுமே. ஆனால் 12 கிரெடிட் என்ற எண் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. இளநிலை மாணவர் அதற்குக் கீழே போவதாயின், சர்வதேச மாணவர்களுக்குப் பொறுப்பான கல்லூரி அதிகாரியின் அனுமதியை முற்கூட்டியே பெற வேண்டும். பெறாவிட்டால் விசா நிலையே பறிபோகும். மருத்துவ காரணங்களுக்கு அத்தகைய அனுமதி வழங்கப்படலாம். ஆகவே சுகவீனமுற்ற பிள்ளை பாடத்தைக் கைவிடுவதற்கு முன்னர் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், பின்னர் அல்ல.

வேறு வழி இருக்க முடியாதா என்று கேட்பவர்கள் எல்லைக்கு வடக்கே பார்க்கலாம். எமது மக்கள் மிகப் பெரும் எண்ணிக்கையில் வாழும் கனடாவில், முழுப் பாடச் சுமையின் 60 வீதத்தை எடுத்தாலே நிதியுதவிக் கணக்கில் ஒருவர் முழுநேர மாணவர். அங்கவீனமுற்றவர்களுக்கு 40 வீதம் போதும். ஐந்து பாடங்கள் முழுச் சுமை என்றால், மூன்று பாடங்கள் எடுத்தவரும் முழுநேர மாணவர். அங்கவீனமுற்றவராயின் இரண்டு பாடங்களே போதும். கனடாவின் முறையிலும் குறைகள் உண்டு. ஆயினும், ஒருவர் ஏன் குறைவாகப் படிக்கிறார் என்ற கேள்விக்கு அங்கு சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் மானியக் கணக்கில் 12 என்பது சுகதேகிக்கும் 12, நோயாளிக்கும் 12.

எமது நாட்டைப் பற்றி நாம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் அதிகம் இல்லை. 1981இல் லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது உருவாக்கப்பட்ட மகாபொல நிதியம் பல்லாயிரம் வறிய மாணவருக்கு உயிர்மூச்சாக இருந்திருக்கிறது. அதன் மாதாந்தக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. ஆனால் இது உள்வாரியாகத் தெரிவானவர்களுக்கு. அதே பல்கலைக்கழகத்தின் அதே பட்டத்தை வெளிவாரியாகப் படிப்பவருக்கு மகாபொல கிடையாது. பரீட்சைக் கட்டணத்தையும் அவரே செலுத்த வேண்டும். அமெரிக்காவில் கிரெடிட்டின் எண்ணிக்கை செய்யும் வேலையை இங்கு உள்வாரி, வெளிவாரி என்ற இரண்டு சொற்கள் செய்கின்றன. பகலில் வேலை செய்து இரவில் படிப்பவர் இரு நாடுகளிலும் இரண்டாந்தர மாணவராகவே எண்ணப்படுகிறார்.

என்ன செய்யலாம்? எனது பார்வையில் மூன்று மாற்றங்கள் அவசியம். முதலாவது, மானியத்தைக் கட்டணப் பங்கு, வாழ்க்கைச் செலவுப் பங்கு என இரண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டணப் பங்கு கிரெடிட்டுக்கு ஏற்பக் கூடிக் குறையட்டும். வாழ்க்கைச் செலவுப் பங்கு, அரைநேரமாவது படிக்கும் எவருக்கும் முழுமையாகக் கிடைக்கட்டும். இரண்டாவது, சுகவீனம், குடும்பத்தில் மரணம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றை ஆதாரத்துடன் நிரூபிப்பவருக்கு, நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரின் மானியம் குறைக்கப்படக் கூடாது. முன்னேற்ற விதியில் தவறியவர்கள் இதே காரணங்களைக் காட்டி மேன்முறையீடு செய்யச் சட்டம் ஏற்கனவே இடமளிக்கிறது. அங்கு ஏற்றுக்கொள்ளப்படும் காரணம் இங்கு ஏன் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை? மூன்றாவது மாற்றத்துக்குச் சட்டத் திருத்தமே தேவையில்லை. பாடத்தைக் கைவிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர், இதனால் உமது மானியத்தில் இத்தனை டொலர் குறையும், உமது நிலுவை இவ்வளவாகும் என்று திரையில் காட்ட வேண்டும். கல்லூரியின் கணினியில் அந்த எண்கள் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. நிலுவையைக் கணக்கிட்டு ஒரே வாரத்தில் கடிதம் அனுப்ப முடியுமென்றால், அதே கணக்கை ஒரு நிமிடம் முன்னதாகக் காட்டவும் முடியும்.

சிறிய தொகைகள்தான் பெரிய படிப்புகளை நிறுத்துகின்றன என்பதை உணர்ந்த கல்லூரிகளும் உண்டு. அட்லாண்டாவிலுள்ள ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல், சில நூறு டொலர் நிலுவையால் பதிவு இழக்க இருந்த மாணவரைத் தேடிப் பிடித்து, அவர்கள் விண்ணப்பிக்காமலே அந்த நிலுவையைத் தீர்த்துவைக்கும் சிறு மானியம் ஒன்றை வழங்கத் தொடங்கியது. அரசு செய்யத் தவறுவதை ஒரு பல்கலைக்கழகம் தன் அளவில் செய்திருக்கிறது. அதனை எல்லாக் கல்லூரிகளிடமும் எதிர்பார்க்க முடியாது. வறிய மாணவர் அதிகம் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளிடம் அதற்கான நிதி மிகக் குறைவு.

விதிகள் மாறும் வரை, அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வாசகர்களுக்கு நான் கூறக்கூடியது இவ்வளவுதான். ஒரு பாடத்தைக் கைவிட நினைக்கும் பிள்ளை முதலில் நிதியுதவி அலுவலகத்துக்குச் சென்று நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கல்லூரியில் பெல் மானியத்தை மீளக் கணக்கிடும் திகதி எது? இந்தப் பாடத்தை விட்டால் எனது கிரெடிட் உங்கள் கணக்கில் எத்தனை? முழுநேரத்தை நிபந்தனையாகக் கொண்ட மாநில உதவியோ கல்லூரிப் புலமைப்பரிசிலோ எனக்கு இருக்கிறதா? எனது முன்னேற்ற வீதம் எவ்வளவாகும்? பதில்களை மின்னஞ்சலில் எழுத்துமூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்தைக் கைவிட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன்னர் அது ஏன் கைவிட்டது என்று கேளுங்கள். அரசின் படிவம் கேட்காத கேள்வியை வீட்டிலாவது ஒருவர் கேட்க வேண்டும்.